கை நுழைய இடம்

ஜனவரி 7, திங்கள்

ஓய்வு பெற்று ஒரு வாரம். பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைவாளராக இருந்தேன். பாலம், மதகு, கால்வாய் என்று நான் போட்ட வரைபடங்களை அடுக்கினால் இந்த வீட்டின் உயரம் வரும். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் பொறியாளர்கள். அளவில் குற்றாலிங்கம் தப்பவே மாட்டான் என்று அவர்கள் வாயாலேயே சொல்லுவார்கள், அதோடு சரி.

இனி நான் வரைவதை நானே கட்டுவேன். கயாக் கட்டப்போகிறேன். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான படகு. மரச்சட்டமும் பிரம்பும் வைத்துக் கூடு கட்டி, மேலே கித்தான் துணியைப் போர்த்தித் தைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஆணியே கிடையாது, எல்லாம் நூல்கட்டுதான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டிலேயே கட்டுகிறான். ஆறு வீடியோ. மூன்று பார்த்தாயிற்று, மீதி போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

உலகம்மாளிடம் சொன்னேன். "கூடத்துலயா?" என்றாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் கேட்கிற கேள்விகள் எல்லாம் இந்த மாதிரிதான்.

ஜனவரி 9, புதன்

இந்தப் படகுக்கு ஆளின் உடம்புதான் அளவு. நீளம் மூன்று மார், அதாவது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தைப் போல மூன்று மடங்கு. உட்காருகிற இடத்தின் அகலம் இடுப்பைப் பார்த்து. கால் ஊன்றுகிற மிதிகட்டைகள் கால் நீளத்தைப் பார்த்து.

யாருடைய உடம்பு என்ற கேள்விக்கே இடமில்லை. உலகம்மாள் சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் பிறந்தவள், மீன் மாதிரி நீந்துவாள். கட்டியவன் கரையில் நின்று படகு எப்படி மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை.

சுவரோரம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பலகையை அணைத்து வைத்து அளந்தேன். மார் 5 அடி. இடுப்பு அகலம் 16 அங்குலம். கால் 37 அங்குலம்.

"லூஸ் எவ்வளவு விடுதிய?" என்று கேட்டாள். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், அந்த நினைப்பு.

"இது ஒன் ஜாக்கெட்டு இல்லளா. வரைவாளருக்குப் பாடம் எடுக்காத."

சட்டத்தின் அகலம் 16 என்று வரைபடத்தில் போட்டேன். கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

தேக்கு ரீப்பர்கள் வந்து இறங்கின. கூடத்தின் நீளம் பத்தொன்பது அடி, படகு பதினைந்து. தையல் மெஷின் இடைஞ்சலாக இருந்தது. பின்வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தள்ளிவிட்டேன். "அங்க வெயிலு மண்டையப் பொளக்குமே. துணி குடுக்க வாரவுகள எங்க நிக்கச் சொல்ல?" என்றாள். நாலு மாதம் ஜாக்கெட் போடாமல் இருந்தால் தெரு ஒன்றும் அழிந்துவிடாது.

பிப்ரவரி 6, புதன்

பிரம்பை வளைக்க ஆவி வேண்டும். இட்லிக் கொப்பரையின் மூடியில் ஓட்டை போட்டு, பி.வி.சி. குழாயைச் செருகினேன். அருமையாக வேலை செய்கிறது. பிரம்பு மாவு மாதிரி வளைகிறது. படகின் கூட்டுக்கு இப்படி இருபத்தெட்டு விலா எலும்பு வேண்டும். ஒன்பது முடிந்தது, இரண்டு ஒடிந்தன.

கொப்பரை அவள் அம்மா சீர் கொடுத்ததாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோசை வார்த்தாள்.

பிப்ரவரி 20, புதன்

பொன்னுராஜ் வந்தான். என் வரைபடங்களின் கீழ் கையெழுத்துப் போட்டே செயற்பொறியாளர் ஆனவன். கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வே, சும்மா சொல்லக்கூடாது. பிரமாதம்! யாரு வே இதுல போறது? ஒமக்குத்தான் முழங்கால் தண்ணின்னாலே ஒதறுமே."

அவன் சிரிப்பைக் கேட்டு உலகம்மாளும் சிரித்தாள். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் வருடாந்திர விருந்தை ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, சுத்தமல்லி அணைக்கட்டில் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கே படகை இறக்கலாம் என்று பொன்னுராஜ் முடிவு செய்துவிட்டான். நாற்பது பேர் வருவார்கள். எல்லாரும் வரட்டும்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கூடு முடிந்தது. உட்காருகிற இடத்தில் உலகம்மாளை இறங்கச் சொன்னேன். கால் போயிற்று, தொடை போயிற்று, இடுப்பு சட்டத்தில் நின்றுவிட்டது. தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன். "எலும்பு வலிக்கு, விடுங்க" என்று கத்தினாள்.

நாலாவது வீடியோவைப் பார்த்தேன். உட்கார்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை நுழைய இடம் வேண்டும், இடுப்பு அளவோடு அதையும் மரத்தின் கனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று போகிறபோக்கில் சொல்கிறான். இதை முதல் வீடியோவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

பிப்ரவரி 25, திங்கள்

குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் பிரித்து, புதிதாக அறுத்து, விலா எலும்புகளை மறுபடி வளைக்க வேண்டும் என்றால் ஐந்து வாரம். பொன்னுராஜ் வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிறான். பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் சங்கம் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவான்.

யோசித்துப் பார்த்தால், ஜனவரிக்குப் பிறகு உலகம்மாள் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். பொங்கலுக்கு அவள் தின்ற தீனிக்குப் பெருக்காமல் என்ன செய்வாள்? அளவு சரிதான். ஆள்தான் மாறிவிட்டாள்.

சொன்னேன். அவள் சட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, கொறைக்கேன்" என்றாள். கட்டையைப் பிரிப்பதைவிட இது சுலபம்.

மார்ச் 3, ஞாயிறு

எடை பார்க்கும் மெஷின் வாங்கினேன். ஞாயிறுதோறும் காலையில், வெறும் வயிற்றில். இன்று 71.200.

காலையில் ஒரு கோப்பை ஓட்ஸ் கஞ்சி. மதியம் இரண்டு கரண்டிச் சோறு. இரவில் கொய்யாப்பழம். சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

69.800. சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 17, ஞாயிறு

68.100. கட்டுப்பாடு என்றால் என்னவென்று இந்த வீட்டுக்கு இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 22, வெள்ளி

கித்தான் வந்தது. கூட்டின் மேல் விரித்து இழுத்து, நடுமுதுகில் கையாலேயே தைக்க வேண்டும். உலகம்மாள் உட்கார்ந்தாள். முப்பது வருடமாக ஊசி பிடிக்கிறவள், நூலைக் கோக்க நாலு தடவை தடவினாள்.

"கண்ணு மங்கலா தெரியிது. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு."

நானே கோத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நானேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

66.000. ஒரே வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல்! பொன்னுராஜிடம் போனில் சொன்னேன். அவன் மனைவி நடைப்பயிற்சிக்கு வண்டியில் போய் இறங்குகிறவள். அவனுக்கு வயிற்றெரிச்சல்தான்.

மார்ச் 29, வெள்ளி

ஒரு நாளைக்கு மூன்று குடம் தண்ணீர் குடிக்கிறாள் போலிருக்கிறது. கேட்டால், "தண்ணி தவிக்கி, நெஞ்சு காஞ்சி போவுது" என்கிறாள். தைக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து குளியலறைக்குப் போகிறாள். பதினைந்து அடித் தையலுக்கு எட்டு நாள் எடுத்துக்கொண்டால் எப்படி? போகிற நேரத்தைக் குறித்துவைத்துக் காட்டினேன். அழுதாள்.

குளியலறையில் கட்டெறும்பு மொய்க்கிறது. எறும்புப்பொடி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

62.300. தையல் முடிந்தது. தையலைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 11, வியாழன்

கூடத்தில் சிவப்பாகக் காலடி. பெயின்ட் கொட்டிவிட்டதோ என்று பதறிப்போனேன். பார்த்தால் ரத்தம். பிரம்புச் சிராய் ஒன்று அவளுடைய வலது உள்ளங்காலில் விரல் நீளத்துக்கு ஏறியிருக்கிறது. அதோடு சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"வலிக்கலியா?"

"ஒண்ணும் தெரியலீங்க. மரத்துப் போயிருக்கு."

இடுக்கியால் பிடுங்கி எறிந்தேன். மஞ்சளும் எண்ணெயும் வைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் போடவில்லை, அதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும். கித்தானில் இரண்டு சொட்டு பட்டிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை. மேலே பச்சை பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. 60.400.

பெங்களூரிலிருந்து செண்பகா வீடியோவில் பேசினாள். அம்மாவைப் பார்த்ததும் மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னப்பா, அம்மை இப்படி உருகிப் போயிருக்கா? சுகர் பாத்தியளா?"

"ஒன் அம்மா இப்பதான் ஒழுங்கா இருக்கா. டாக்டர் வேலையெல்லாம் நீ பாக்க வேண்டாம்."

"வெள்ளிக்கிழம டாக்டருக்கு நான் சொல்லி வைக்கேன். கூட்டிட்டுப் போங்க. அம்மா, நீயாவது சொல்லேம்மா."

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். "அப்பா கூட்டிட்டுப் போவாவ" என்றாள்.

மத்தியானம் பாயசத்தை மூன்று தம்ளர் குடித்துவிட்டாள். பாத்திரத்தை வாங்கித் தொட்டியில் கொட்டினேன். நல்ல நாளும் அதுவுமாகப் பேசக்கூடாததையெல்லாம் பேசவேண்டியதாகிவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று பெயின்ட். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது பூச்சைப் போட வேண்டும், நடுவில் விட்டால் பட்டை தட்டிவிடும். பதினொரு மணிக்கு டாக்டரிடம் போவதாவது! போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உலகம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையும் கையுமாக வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து எனக்குப் பிரஷ்ஷைக் கழுவிக் கொடுத்தாள்.

விருந்து முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒன்பது நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

ஏப்ரல் 21, ஞாயிறு

58.600.

உட்கார்ந்துவிட்டாள்! கொஞ்சம் பிடிக்கிறது, ஆனாலும் இடுப்பு முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. நான் கைதட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் கிடையாது. அளவில் குற்றாலிங்கம் தப்ப மாட்டான்.

"காலை மிதிகட்டைல நல்லா ஊனு" என்றேன். "ஊனியிருக்கனா இல்லியான்னு தெரியலீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஏப்ரல் 25, வியாழன்

கூடத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. எலி செத்துக் கிடக்கிறது. படகைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், பீரோவை நகர்த்திப் பார்த்தேன், பரண் மேலும் ஏறிப் பார்த்தேன். இல்லை. அவளுடைய கட்டில் பக்கம் போனால் அதிகமாக அடிக்கிறது. அவள் காலைத் துணியால் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலும் எலி இல்லை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.

ஏப்ரல் 27, சனி

உலகம்மாளுக்குக் காய்ச்சல், நடுக்கம். மாத்திரை கொடுத்தேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கினால் போதும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

படகு தண்ணீரைத் தொடவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. வேனில் படகை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். நாற்பது பேரும் படகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கரையில் புல்மேல் படகை வைத்து, உலகம்மாளை வரச் சொன்னேன். நாலு எட்டு நடந்தாள், அப்படியே சரிந்தாள். பொன்னுராஜ்தான் ஓடிவந்து தூக்கினான். காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து விழுந்தது.

"வே! என்ன வே இது?" என்றான் பொன்னுராஜ். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பாதம் கணுக்கால் வரைக்கும் கறுத்துப்போயிருந்தது. நான் அப்போதுதான் பார்க்கிறேன். அவன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சர்க்கரை 540 என்கிறார்கள். சின்ன வயது டாக்டர், பெண். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா எடை குறையுது சார்?"

"சரியா ஞாபகம் இல்லைங்க."

"அதிகமாத் தண்ணி குடிச்சாங்களா? அடிக்கடி யூரின் போனாங்களா? கால்ல எப்பக் குத்துச்சு? ஒரு தேதி தெரிஞ்சாக்கூட எங்களுக்கு உபயோகமா இருக்கும்."

"கவனிக்கலைங்க."

இந்த நோட்டு என் தோள்பையில் இருந்தது. படகு இறங்குகிற நேரத்தைக் குறிப்பதற்காக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. பொய் சொன்னேன். பயமாக இருந்தது, வேறு என்ன. உலகம்மாள் கண்ணை மூடித்தான் இருந்தாள். நான் இரண்டாவது பதிலைச் சொன்னபோது கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள்.

மே 2, வியாழன்

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். கீழே என் கையெழுத்து வேண்டுமாம். இரண்டு இடத்தில் போட்டேன். பெயரை முழுசாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மே 4, சனி

செண்பகா வந்திருக்கிறாள். என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுப் பையை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

மே 17, வெள்ளி

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். படகை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பின்வாசலில் போட்டிருக்கிறேன். தையல் மெஷின் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டது. மிதிக்கத்தான் கால் வேண்டுமே.

மே 19, ஞாயிறு

49.100. நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கை எழுதிவிடுகிறது.

மே 22, புதன்

படகின் வலதுபக்க மிதிகட்டையைக் கழற்றினேன். கட்டையும் நூல்கட்டும் சேர்த்து 220 கிராம். அந்தப் பக்கம் லேசாகிவிட்டதால் படகு இடதுபுறம் சாய வாய்ப்பிருக்கிறது. யோசிக்க வேண்டும்.

மே 26, ஞாயிறு

செண்பகா நேற்று ஊருக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "அம்மா, என்கூட வந்திரு" என்றாள். "அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போ. இங்க எனக்கு ஒரு சோலி கெடக்கு" என்று உலகம்மாள் சொன்னாள்.

இன்று காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் எடை மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "படகுகிட்டக் கொண்டு போங்க. என்னைய உள்ள தூக்கி வைங்க."

தூக்கினேன். கனமே இல்லை. அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எண்ணை எழுதிவைத்திருக்கிறேன்.

படகில் இறக்கினேன். எங்கும் பிடிக்கவில்லை. அவள் இடது கையை இடுப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. வலது கையை விட்டாள். அதுவும் போயிற்று.

"அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க. சனவரி ஒம்பதாந் தேதி படிங்க. எனக்குத்தான் கண்ணு தெரியலியே."

படித்தேன். இடுப்பு பதினாறு. சட்டம் பதினாறு.

"லூஸ் எவ்வளவு விட்டிருக்கிய?"

"விடல."

"அன்னைக்கே கேட்டனா இல்லியா? பிப்ரவரியில நான் உள்ள போகலன்னதுமே எனக்குத் தெரியும். சொன்னா எல்லாத்தையும் போட்டு ஒடைப்பியன்னு பயந்துட்டு இருந்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "முப்பது வருசமா தச்சுக் குடுக்கேன். ஜாக்கெட்டு புடிக்கின்னு ஒருத்தி வந்தா, பிரிச்சுத்தான் தச்சுக் குடுப்பேன். ஒடம்பக் கொறச்சிட்டு வாளான்னு நான் ஒருத்திகிட்டயும் சொன்னதில்ல."

அவள் இரண்டு கையையும் வெளியே எடுக்கவில்லை.

"இப்ப சரியா இருக்குல்லா? குனிஞ்சு பாருங்க. ரெண்டு பக்கமும் கை நொழையிது. பாத்தியளா?"

"பாத்தேன்."

"அப்ப எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க."

இரண்டு பக்கமும் கை நுழைகிறது.

சி. குற்றாலிங்கம்